மேனிப்புலேட்: கையாள்வதா, கையாடுவதா?

டிசம்பர் 27

திருமங்கலத்திலிருந்து ஒருவர் கேட்கிறார்: “என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கிறாள். பாடத்தில் ‘டேட்டா மேனிப்புலேஷன் லாங்குவேஜ்’ என்று வருகிறது. மேனிப்புலேட் என்றால் சூழ்ச்சி செய்வது, ஏமாற்றுவது என்றுதான் நான் அறிந்திருக்கிறேன். தரவுகளில் தில்லுமுல்லு செய்வதற்கென்று தனியாக ஒரு மொழி இருக்கிறதா, அதைப் பள்ளியிலேயே கற்றுக்கொடுக்கிறார்களா?”

அப்படி எதுவும் இல்லை. தரவுத்தளத்தில் புதிய வரியைச் சேர்ப்பது, இருக்கும் வரியைத் திருத்துவது, வேண்டாத வரியை நீக்குவது ஆகிய மூன்று வேலைகளுக்கான கட்டளைகளைத்தான் அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். தமிழில் தரவு கையாளும் மொழி என்று எழுதினால் ஒரு குழப்பமும் இல்லை. ஆங்கிலத்தில் இந்த வினைக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, ஒரு பொருளையோ கருவியையோ கைத்திறனோடு இயக்குவது. மற்றொன்று, ஓர் ஆளையோ கணக்கையோ தன் வசதிக்கு ஏற்றபடி மறைவாக வளைப்பது. செய்தித்தாளில் இரண்டாவது முகமே அடிக்கடி தென்படுவதால் முதல் முகம் பலருக்கு மறந்துபோயிற்று.

டிசம்பர் 27, இரவு

மேலே அவசரத்தில் எழுதிவிட்டேன். எந்த முகம் மூத்தது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். கைத்திறன்தான் மூத்தது. லத்தீனில் மனுஸ் என்றால் கை, மனிப்புலுஸ் என்றால் ஒரு கைப்பிடி அளவு. ரோமானியப் படையில் ஒரு பிரிவுக்கும் அதே பெயர் உண்டு. முற்காலத்தில் ஒரு கைப்பிடி வைக்கோலைக் கம்பின் நுனியில் கட்டிக் கொடியாக ஏந்திச் சென்றதால் அந்தப் பெயர் வந்தது என்று ரோமானியர்களே கதை சொல்லியிருக்கிறார்கள். பிரெஞ்சு மருந்துக்கடைக்காரர்கள் மூலிகையை அளந்ததும் இதே கைப்பிடியால்தான். கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையில் ‘ஒரு கைப்பிடி ஆவாரம்பூ’ கேட்கிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆங்கிலத்துக்கு முதலில் வந்து சேர்ந்தது மேனிப்புலேஷன் என்ற பெயர்ச்சொல். அதிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வினையை உருவிக்கொண்டார்கள். மைக்கேல் ஃபாரடே 1827-இல் வேதியியல் மாணவர்களுக்காக வெளியிட்ட செய்முறை நூலின் பெயரே ‘கெமிக்கல் மேனிப்புலேஷன்’. குடுவையை எப்படிப் பிடிப்பது, தராசை எப்படிப் பயன்படுத்துவது, கண்ணாடிக் குழாயை எப்படி வளைப்பது என்று கைவேலைகளைச் சொல்லித்தரும் நூல் அது. சூழ்ச்சிப் பொருள் இதற்குப் பின்னர், அந்த நூற்றாண்டு நகர நகரத்தான் வலுப்பெற்றது.

டிசம்பர் 30

இந்தச் சொல்லைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு எழுதுவதற்கு என் சொந்தத் தவறு ஒன்று காரணம். பிறர் பிழையைப் பேசுவதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் மதுரை மாவட்ட நீதிமன்றத்துக்கு அருகே ஒரு தட்டச்சுக் கடையின் மாடியில் அமர்ந்து ஆவணங்களை மொழிபெயர்ப்பவன். கிரயப் பத்திரம், வாரிசுச் சான்று, மருத்துவமனைச் சீட்டு என்று எது வந்தாலும் பக்கக் கணக்கில் கூலி. பதினோரு ஆண்டுகளுக்கு முன், தொழிலுக்கு வந்த புதிதில், உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் ஒரு மருத்துவமனைச் சீட்டைக் கொண்டுவந்தார். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து, கட்டுப் போட்டு, அதைப் பிரித்தும் ஆகிவிட்டது. இழப்பீட்டு மனு போட்டிருந்தார். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தாமே படித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தமிழில் கேட்டார். ஆங்கிலத்தில் இருந்த வரி, மயக்க மருந்தின்கீழ் மேனிப்புலேஷன் செய்து முறிவு ரெட்யூஸ் செய்யப்பட்டது என்பதுதான். எனக்கு இரண்டு சொற்களும் தெரியும் என்ற நினைப்பு. அகராதியைத் தொடாமல், ‘மயக்க மருந்து கொடுத்து, சூழ்ச்சி செய்து, எலும்பு குறைக்கப்பட்டது’ என்று எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்பே மாடிப்படியில் அவர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, இரண்டு முழங்கைகளையும் ஒட்டவைத்து, இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே நிமிர்த்தி, விரல் நுனிகளைச் சேர்த்துக் காட்டினார். கட்டுப் பிரித்த கை மெலிந்து, தோல் வெளுத்து, மயிரெல்லாம் ஒட்டிக் கிடந்தது. ஆனால் நுனிகள் இரண்டும் ஒரே மட்டத்தில்தான் நின்றன. “தம்பி, எலும்புல எம்புட்டுக் கொறச்சாங்கன்னு அதுல போட்டிருக்கா? நானும் ராத்திரியெல்லாம் அளந்து பாக்கேன், தெரியல” என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு நாள் உறுத்தியிருக்காது. மயக்கத்தில் இருந்தபோது தமக்கு என்னவோ நடந்துவிட்டது என்று நம்பி, அதன் அளவை மட்டும் தெரிந்துகொள்ள வந்திருந்தார்.

அந்தத் தாளை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு அதே இடத்தில் புதிதாக எழுதிக் கொடுத்தேன்: ‘மயக்க நிலையில், தோலைக் கீறாமல், வெளியிலிருந்தே கையால் இழுத்தும் அழுத்தியும், விலகிய எலும்பு உரிய இடத்தில் அமர்த்தப்பட்டது.’ ரெட்யூஸ் என்பதற்கு எலும்பு முறிவு மருத்துவத்தில் குறைப்பது என்ற பொருள் வராது. விலகியதை மீண்டும் அதன் இடத்துக்குக் கொண்டுபோவது என்றுதான் பொருள். கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மறுத்துவிட்டு, வடைக்கும் டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

ஜனவரி 2

‘அப்படியானால் தமிழில் எதைத்தான் எழுதுவது?’ என்று இருவர் கேட்டுவிட்டார்கள். என் பழக்கத்தைச் சொல்கிறேன். கருவி, தரவு, ஒலி, படம் ஆகியவற்றுக்குக் கையாளுதல் அல்லது இயக்குதல். எலும்புக்கும் மூட்டுக்கும் கையால் அமர்த்துதல். ஆவணத்துக்கும் கணக்குக்கும் மோசடியாகத் திருத்துதல். பங்குச் சந்தை விலைக்கு முறைகேடாக ஏற்றி இறக்குதல். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2003-ஆம் ஆண்டு விதிகளில் இந்த வினையின் பெயரடை வடிவத்தை மோசடி, நேர்மையற்ற வணிகம் என்பவற்றுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள் என்பதால் அங்கே ஐயத்துக்கு இடமே இல்லை. கேட்பது என்ன பொருளைப் பற்றி என்று பார்த்துவிட்டால் போதும், சொல் தானே வந்துவிடும்.

இன்னொன்றும் தோன்றுகிறது. ஆங்கிலம் ஒரே வினைக்குள் திறமையையும் திருட்டையும் போட்டுக் குழப்புகிறது. நம்மிடம் கை என்பதோடு எந்த வினை சேர்கிறது என்பதை வைத்தே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. கையோடு ‘ஆள்’ சேர்ந்தால் கையாளுதல், அது நேர்மையான வேலை. கையோடு ‘ஆடு’ சேர்ந்தால் கையாடுதல். கூட்டுறவுச் சங்கப் பணத்தில் கையாடல் என்று வாரம் ஒரு செய்தியாவது வருகிறது. ஓர் எழுத்து மாறினால் செயலாளர் சிறைக்குப் போய்விடுவார். இந்த வகையில் தமிழ் தெளிவான மொழி என்பேன்.

ஜனவரி 3

நேற்றைய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். செல்லூரிலிருந்து ஒரு தமிழாசிரியை மூன்றே சொற்களில் மறுப்பு எழுதியிருக்கிறார்: “கைவரிசை? கைகாரன்? கைநீளம்?”

கைநீளத்தை ஒதுக்கிவிடலாம், அது தொடக்கம் முதலே திருட்டைத்தான் குறிக்கிறது. மற்ற இரண்டும் என் வாதத்தை முறித்துவிட்டன. கைவரிசை என்றால் கையின் தேர்ச்சி. சிலம்பம் பழகுகிறவர்களிடம் குத்துவரிசை என்ற சொல் இன்றும் மதிப்போடுதான் வழங்குகிறது. அதே வரிசை செய்தித்தாளுக்கு வந்ததும் ‘பூட்டிய வீட்டில் மர்ம நபர்கள் கைவரிசை’ ஆகிவிடுகிறது. கைகாரன் என்பது அதைவிடச் சிக்கலானது. ‘அவர் பெரிய கைகாரர்’ என்று என் அத்தை சொன்னால், சமையற்காரரைப் பாராட்டுகிறாரா, தரகரைப் பற்றி எச்சரிக்கிறாரா என்பது அவர் புருவத்தைப் பார்த்தால்தான் விளங்கும். ஆங்கில வினையின் இரண்டு முகங்களும் அந்த ஒரு சொல்லில் அப்படியே இருக்கின்றன.

தமிழ்ச் சங்கம் 1901 முதல் இயங்கிவரும் ஊரில் இருந்துகொண்டு இப்படி அவசரமாகத் தீர்ப்புச் சொன்னதற்கு வெட்கப்படுகிறேன். ஆசிரியைக்கும் ஓர் எச்சரிக்கை: கைங்கரியத்தையும் விட்டுவிட்டீர்கள். அதுவும் கையிலிருந்து பிறந்து கேலிக்கு இறங்கிய சொல்தான். ‘இது யாருடைய கைங்கரியம்?’ என்று கேட்டால் யாரும் பெருமையோடு முன்வருவதில்லை.

ஜனவரி 4

கைங்கரியம் கையிலிருந்து பிறந்ததில்லை. ஏவல் செய்பவன் என்று பொருள்படும் கிங்கரன் என்ற வடசொல்லிலிருந்து வந்தது. எமகிங்கரர் என்கிறோமே, அந்தக் கிங்கரர்தான். ஆசிரியை மீண்டும் மூன்று சொற்களோடு வருவதற்குள் நானே திருத்திவிட்டேன்.

ஜனவரி 9

‘வீல்டு’ என்ற வினையும் இதே பொருள்தானா என்று ஒருவர் கேட்டார். நெருங்கிய பொருள், ஆனால் வேறு வழியாக வந்தது. மேனிப்புலேட் கையில் தொடங்குகிறது, வீல்டு ஆட்சியில் தொடங்குகிறது. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லுக்கு ஆளுதல், அடக்கி வைத்திருத்தல் என்றே பொருள். பிற்காலத்தில்தான் வாளையும் கோடரியையும் ஏந்திச் சுழற்றுவது முதன்மைப் பொருளாயிற்று. ஒரு பொருள் பெரிதாகவோ கனமாகவோ இருந்து கைக்கு அடங்காவிட்டால் அதை ‘அன்வீல்டி’ என்கிறார்கள். கல்யாண மண்டபத்து அண்டாவை ஒற்றை ஆளாகத் தூக்க முயன்றவருக்கு அந்தப் பெயரடை முழுமையாகப் புரியும்.

நம் கையாள் என்ற வினையும் கை, ஆள் என்று பிரிவதால் பொருளமைப்பில் வீல்டுக்குத்தான் நெருக்கமான உறவு என்று எனக்குப் படுகிறது. இருந்தாலும் வாளையோ அதிகாரத்தையோ பற்றிப் பேசும்போது நான் கையாள் என்று எழுத மாட்டேன். அதற்கென்றே ‘ஓச்சு’ இருக்கிறது. கோலோச்சுதல் என்ற சொல்லில் மட்டும் அது உயிரோடு இருக்கிறது என்பது வருத்தம். ‘கடிதோச்சி மெல்ல எறிக’ என்கிறது 562-ஆம் குறள். கோலை ஓங்கும்போது கடுமையாக ஓங்க வேண்டும், அடி விழும்போது மென்மையாக விழ வேண்டும். வெருவந்த செய்யாமை அதிகாரத்தில் அரசனுக்குச் சொன்னது இது. ஓங்குகிற கைக்கும் விழுகிற அடிக்கும் நடுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் அந்தக் கணத்தைத்தான் திறமையான கட்டுப்பாடு என்று ஆங்கில அகராதிகள் நீட்டி முழக்குகின்றன.

ஜனவரி 18

நேற்று அலங்காநல்லூருக்குப் போயிருந்தேன். வாடிவாசலுக்கு அருகே நிற்கும் வயது போய்விட்டதால், ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில், காளைகளை இறக்கிக் கட்டியிருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு காளை களத்திலிருந்து திரும்பியிருந்தது. யாரும் அணைய முடியாத மாடு என்று சுற்றிலும் பேசிக்கொண்டார்கள். மூச்சு இரைத்துக்கொண்டும், கொம்பில் மண் அப்பிக்கொண்டும், எவர் நெருங்கினாலும் தலையைத் தாழ்த்திக்கொண்டும் நின்றது. அதை வளர்த்த அம்மாள் வந்தார், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கயிற்றை இழுக்கவில்லை. மூக்கணாங்கயிற்றுக்குக் கீழே இரண்டு விரலை மட்டும் கொடுத்து, மறு கையால் முந்தானையை எடுத்து அதன் கண்ணோரத்தில் இருந்த மண்ணைத் துடைத்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் நடந்தார், மாடு பின்னாலேயே நடந்தது. எப்படி அம்மா இது என்று கேட்டதற்கு, “பழக்கம்தான்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

அந்தச் சொல்லை வீடுவரை சுமந்துகொண்டு வந்தேன். மேனேஜ் என்ற ஆங்கில வினை 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மொழியிலிருந்து வந்தபோது அதற்குக் குதிரையைப் பழக்கி நடத்துவது என்றுதான் பொருள். அதற்கு உள்ளேயும் லத்தீன் கை இருக்கிறது. நிறுவனம், அலுவலகம், மேலாளர் எல்லாம் அந்தக் குதிரையின் முதுகில் ஏறி வந்தவர்கள். ஆனால் மேனேஜ் செய்கிறவர் ஒருவர், செய்யப்படுவது மற்றொன்று என்று ஆங்கிலத்தில் எப்போதும் இரண்டு பக்கங்கள் உண்டு. தமிழில் மாட்டைப் பழக்குகிறவரும் மாட்டோடு பழகித்தான் ஆக வேண்டும். பழகு, பழக்கு என்று ஒரே வேரில் இரண்டையும் வைத்திருக்கிறோம். ‘பழக்கம்தான்’ என்று அந்த அம்மாள் சொன்னது மாட்டின் பழக்கமா, தம் பழக்கமா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

களத்திலும் இதே நிலைதான். இங்கே மாடு பிடிக்கிறோம் என்று சொல்பவர்களைவிட மாடு அணைகிறோம் என்று சொல்பவர்கள் மிகுதி. கலித்தொகையின் முல்லைப் பகுதியில் ஏறு தழுவுதல் வருகிறது. அணைத்தலும் தழுவுதலும் குழந்தைக்கும் காதலிக்கும் உரிய வினைகள். கொம்பையோ வாலையோ பிடிக்கக் கூடாது, திமிலைத்தான் அணைய வேண்டும் என்ற விதி அந்த வினைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இந்த இடத்தில் மேனிப்புலேட் என்று எழுதுகிற ஆங்கிலச் செய்தியாளர் எவராவது இருந்தால், அவரை வாடிவாசலுக்கு நேரே நிறுத்தலாம்.

ஜனவரி 19

நேற்று எழுதியதைப் படித்த நண்பர், கை என்ற வேரிலிருந்து பிறந்த மற்ற ஆங்கில வினைகளையும் சொல்லச் சொன்னார். ஒன்றை மட்டும் சொல்கிறேன். படையையோ வண்டியையோ சாதுரியமாக நகர்த்தும் மனூவர் என்ற வினையும், எருவைக் குறிக்கும் மனூர் என்ற சொல்லும் உடன்பிறப்புகள். இரண்டுக்கும் மூலம் ‘கையால் வேலை செய்’ என்பதுதான். நிலத்தில் கையால் பாடுபடுவது முதலில் உழவைக் குறித்து, பிறகு உழவுக்கு இடும் எருவாகச் சுருங்கிவிட்டது. அரசியலில் சாதுரியமாகக் காய் நகர்த்துகிறவர்களைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் எனக்கு இனிமேல் எரு வாசனை அடிக்கும்.

ஜனவரி 24

ஜனவரி 2-இல் ‘பொருளைப் பார்த்தால் போதும், சொல் தானே வரும்’ என்றேன். அதுவும் ஆட்டம் காண்கிறது. விளக்குத்தூண் அருகே நேற்று மல்லிகை வாங்கினேன், முகூர்த்த நாள். பூக்காரர் சரத்தின் ஒரு முனையை நடுவிரல் நுனியில் வைத்து, முழங்கைவரை இழுத்து, ஒன்று, இரண்டு என்று மடித்துக்கொண்டே வந்தார். முதல் முழத்துக்குக் கை நன்றாக நீண்டிருந்தது. இரண்டாவதில் விரல்கள் லேசாக உள்ளே மடங்கின. மூன்றாவதில் சரம் முழங்கையைத் தொடுவதற்கு முன்பே திரும்பிவிட்டது. மூன்று முழம் என்று கொடுத்தார். பூவும் அதேதான், கையும் அதேதான். முதல் முழத்தில் சரத்தைக் கையாண்டவர் மூன்றாவது முழத்தில் அளவில் கைவரிசையைக் காட்டினார். இரண்டுக்கும் நடுவே எந்த இடத்தில் வினை மாறியது என்று சுட்ட என்னால் முடியவில்லை. ஒரு கைப்பிடி என்ற அளவிலிருந்து ஏமாற்று எப்படிப் பிறந்திருக்கும் என்று டிசம்பரில் யோசித்தவனுக்கு அவர் பாடமே நடத்திவிட்டார். பூ நல்ல பூ, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே பொருளை மட்டும் பார்த்தால் போதாது. எதிரில் இருப்பவருக்குத் தெரிந்து நடக்கிறதா, தெரியாமல் நடக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எலும்பைப் பொருத்தும் மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் மயக்கம் கொடுக்கிறார். பூக்காரர் சொல்லவில்லை.

பிப்ரவரி 2

ஆளை மேனிப்புலேட் செய்வதற்கு ‘ஆட்டிப்படைத்தல்’ சரியா என்று கேட்டவருக்கு: சரிப்படாது. ஆட்டிப்படைப்பவர் ஊரறியச் செய்கிறார், ஆட்டப்படுகிறவருக்கும் அது தெரியும். ‘ஆட்டுவித்தால் ஆரொருவர் ஆடாதாரே’ என்று அப்பர் பாடும்போது ஆட்டுவிப்பவர் யார் என்பதில் ஒளிவுமறைவே இல்லை, அதை ஒப்புக்கொள்வதுதான் பாட்டு. ஆங்கில வினையின் உயிர் ஒளிவில் இருக்கிறது. அதற்கு நெருக்கமானவை நம் பேச்சில் நிறைய உண்டு. நைச்சியமாகப் பேசிக் காரியம் சாதிப்பது, கைக்குள் போட்டுக்கொள்வது, சாவி கொடுத்து விடுவது, கொம்பு சீவி விடுவது எல்லாம் ஒவ்வொரு சாயல். கடைசி இரண்டும் தூண்டிவிடுவதை மட்டும் குறிக்கும், முதலாவது இனிக்கப் பேசுவதை மட்டும் குறிக்கும். அழுது காரியம் சாதிக்கிறவரையும், பேசாமல் இருந்தே குற்றவுணர்வு உண்டாக்குகிறவரையும் எந்த ஒன்றாலும் முழுதாகப் பிடிக்க முடியவில்லை. நாம் சூழ்ச்சி செய்தல் என்று எழுதிவிட்டு நகர்கிறோம். அதில் அரண்மனை வாடை அடிக்கிறது. வீட்டுக்குள் மாமியாரும் மருமகளும், மேலாளரும் எழுத்தரும் ஒருவரை ஒருவர் செய்வதற்கு நான் ‘தன் போக்குக்கு வளைத்தல்’ என்று எழுதிவருகிறேன். இதைவிடச் சிறந்தது யாரிடமாவது இருந்தால் எடுத்துக்கொள்வேன்.

பிப்ரவரி 11

திருமங்கலத்துக்காரர் மீண்டும் எழுதியிருக்கிறார். இதையெல்லாம் படித்த அவர் மகளுக்கு ஒரு சந்தேகமாம்: கையாளுதல் நேர்மையான வேலை என்றால், திரைப்படத்தில் வில்லனின் கையாள் மட்டும் ஏன் அடியாளாக இருக்கிறான்?

அந்தக் கையாளில் இருக்கும் ஆள் வினை இல்லை, மனிதனைக் குறிக்கும் பெயர். கைக்கு உதவியாக நிற்கும் ஆள் கையாள். கொத்தனாருக்குச் சாந்து எடுத்துக் கொடுக்கிறவர் அவருடைய கையாள், அதில் ஓர் இழிவும் இல்லை. ஆங்கிலத்திலும் வேலையாளை ஹேண்ட் என்று அழைப்பது உண்டு. பஞ்சாலைத் தொழிலாளர்களை அங்கே மில் ஹேண்ட்ஸ் என்றே எழுதினார்கள்.

என் தந்தை இந்த ஊர்ப் பஞ்சாலை ஒன்றில் நூற்புப் பிரிவில் வேலை பார்த்தவர். அவருடைய பழைய கூலிச் சீட்டு ஒன்று பெட்டியில் இருப்பது நினைவுக்கு வந்து இன்று காலை எடுத்துப் பார்த்தேன். பெயர் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது. அதற்கு மேலே ‘ஹேண்ட்’ என்று அச்சிட்டிருக்கும் கட்டத்தில் மை ஊறிய ஓர் எண் மட்டும் இருக்கிறது.